பழைய மோரிஸ் மைனரை மீட்டெடுக்க ஆசையா? வர்ணக் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படியுங்கள்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு மோரிஸ் மைனரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1950, 60ஆம் ஆண்டுகளில் தோட்ட மருத்துவமனை டிரெசர், பெரிய கிராணி, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் என நம்மவர்களில் கார் வைத்திருந்த சிலரை நினைத்துப் பார்த்தால், அந்த ஆமை முதுகுக் காரும் கூடவே நினைவுக்கு வரும். திரும்பும்போது கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கை ஒன்று டக்கென்று வெளியே நீட்டும். அதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் லயத்து வாசலில் காத்திருப்போம்.

1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார் இது. பிற்பாடு மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தார். 1971 வரை உற்பத்தி நடந்தது. மொத்தம் 16 லட்சம் கார்கள் வெளிவந்தன. அவற்றில் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தவற்றில் கொஞ்சம் இன்னும் உயிரோடு ஓடுகின்றன. இன்னும் கொஞ்சம், தாத்தாவின் வீட்டுப் பின்புறத்தில் ஜிங்க் கூரைக்கு அடியில், கோழிகளுக்குக் கூடாகக் கிடக்கின்றன.

அப்படிக் கிடந்த ஒன்றைத்தான் நான் மீட்டெடுக்க முயன்றேன். என் அப்பா பேராக்கில் தோட்ட டிரெசராக இருந்தவர். 1960ஆம் ஆண்டு மாடல், ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் எண் பலகை. ஓய்வு பெற்ற பிறகு கொஞ்ச காலம் ஓட்டினார். பிறகு அது கொட்டகைக்குள் போனது, இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளியே வரவில்லை. அப்பாவுக்கு 82 வயதானபோது, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், “அதுல இன்னொரு தடவ உக்காந்து தோட்டத்துப் பக்கம் போயிட்டு வரணும்யா” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதையும் இரண்டு முறை கேட்கிற ஆளில்லை.

நான் செய்த முதல் காரியம், காரை வர்ணக் கடைக்கு இழுத்துப் போனது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். நாலாயிரம் வெள்ளிக்கு மேல் செலவானது. அப்பாவுக்குப் பிடித்த வெளிர்ப் பச்சை, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. உறவுக்காரர்கள் எல்லாம் படம் எடுத்துப் போட்டார்கள். அடுத்து இயந்திரத்தை ஓட வைத்தேன். அதற்கு ஒரு வாரம்தான் ஆனது. மூன்றாவது வாரம், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோயில் மேட்டிலிருந்து இறங்கும்போது, பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரை போனது. கார் நிற்கவில்லை.

கை பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் முட்டி நிறுத்தினேன். அம்மாவுக்கு நெற்றியில் சின்னக் காயம். “பரவால்லப்பா, பரவால்லப்பா” என்று அவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. முட்டிய வேகத்தில் வலது பக்கக் கதவுக்குக் கீழே பச்சை வர்ணம் பெயர்ந்து விழுந்திருந்தது. உள்ளே இரும்பே இல்லை. பட்டியும் பழைய நாளிதழும் இருந்தன.

பழைய கார் மீட்டெடுப்பில் எதை முதலில் செய்வது என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிந்த நாள் அது. இப்போது நம் இளைஞர்கள் பலர் தாத்தா காரைத் தேடிப் போகிறார்கள். மோரிஸ் மைனர் என்றில்லை, ஆஸ்டின், வோக்ஸ்வேகன் பீட்டில், டாட்சன் 120ஒய், முதல் தலைமுறை புரோட்டோன் சாகா என்று எதுவானாலும் வரிசை ஏறக்குறைய இதுதான். எனக்குத் தெரிந்த கார் மோரிஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

காரைத் தொடுவதற்கு முன் கிராண்ட்டைத் தேடுங்கள்

கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன் நாம் ‘கிராண்ட்’ என்று சொல்கிற பதிவு ஆவணத்தை எடுங்கள். அதிலுள்ள இயந்திர எண்ணும் சேசி எண்ணும் காரிலுள்ள எண்களோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தோட்டத்து நாட்களில் ஒரு கார் கெட்டுப்போனால் இன்னொரு காரின் இயந்திரத்தைத் தூக்கி வைப்பது சர்வசாதாரணம். அதை ஜேபிஜேயில் பதிவு செய்தார்களா என்பதுதான் கேள்வி. எண் பொருந்தாத காரில் பணத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு சாலை வரி எடுக்க முடியாமல் நிற்பவர்கள் உண்டு.

கார் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வாரிசு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ள முடியாது. அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ உரிய ஆவணம் பெற வேண்டியிருக்கும். அண்ணன், தம்பி, அத்தை பிள்ளைகள் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் இது. கார் துருப்பிடித்துக் கிடக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். பளபளவென்று வெளியே வந்ததும் ஆளுக்கொரு பங்கு கேட்பார்கள். முதலிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. பல ஆண்டுகள் சாலை வரி புதுப்பிக்காத கார் என்றால், அதன் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் ஜேபிஜே முகப்பில் நேரில் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 1000 சிசிக்கு உட்பட்ட தனியார் சலூன் காருக்குத் தீபகற்பத்தில் ஓராண்டுச் சாலை வரி 20 ரிங்கிட்தான். 1956 முதல் வந்த மோரிஸ் மைனர் 1000 காரின் இயந்திரம் 948 சிசி. அது இந்த வரம்புக்குள் அடங்கும். 1962இன் பிற்பகுதியிலிருந்து வந்தவை 1098 சிசி. அவற்றுக்கு 55 ரிங்கிட்.

அடுத்து, இந்தக் கார் உங்களுக்கு எதற்கு என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். வாரம் ஒருநாள் கோயிலுக்குப் போகவா? திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடவா? கண்காட்சியில் வைக்கவா? தினமும் வேலைக்குப் போகவா? ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, வரிசையின் கடைசிப் பகுதி வேறு. கண்காட்சிக் காருக்கு ஒவ்வொரு திருகாணியும் அசலாக இருக்க வேண்டும். அப்பாவைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போகிற காருக்கு அது தேவையில்லை. நான் இதை எழுதிப் பார்க்காததால்தான் கண்காட்சிக்காரன் மாதிரி வர்ணத்திலிருந்து தொடங்கினேன்.

துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

மோரிஸ் மைனருக்கு லாரி மாதிரித் தனிச் சேசி கிடையாது. உடம்பும் தளமும் சேர்ந்த ஒரே தகரப் பெட்டிதான் அதன் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதியை ‘சில்’ என்பார்கள். பார்ப்பதற்கு ஓர அலங்காரம் போலத் தெரியும். உண்மையில் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். அது உளுத்துப்போனால் கார் நடுவில் தொய்யும்.

இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடுவதால் கார்கள் துருப்பிடிக்கின்றன. நமக்கு உப்பில்லை, ஆனால் மழையும் புழுக்கமும் ஆண்டு முழுக்க உண்டு. கண்ணாடி ரப்பர் வெடித்து உள்ளே வழியும் நீர் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கி, காயவே காயாது. கதவின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளைச் செம்மண் அடைத்துக்கொள்ளும். மண்தரையில், புல்லின்மேல் நிறுத்திய கார் கீழிருந்து உளுக்கும். ஆகவே, நம் ஊர்க் காரில் மேலே தெரியும் துருவைவிட அடியில் தெரியாத துருதான் ஆபத்து.

சோதிக்க எளிய வழிகள் உண்டு. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதி, சில், சக்கர வளைவு ஆகிய இடங்களில் ஓட்டிப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் நழுவினால் அங்கே இருப்பது இரும்பு அல்ல, பட்டி. அடுத்து, தரைவிரிப்பு முழுவதையும் எடுத்துவிட்டு, அடியில் திருப்புளியால் அழுத்திக் குத்துங்கள். காரின் சொந்தக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வாங்குவதற்கு முன் இதைச் செய்யத்தான் வேண்டும். நல்ல தகரம் ‘டங்’ என்று ஒலிக்கும். உளுத்தது ‘சதக்’ என்று உள்வாங்கும். மூன்றாவது, கதவைத் திறந்து மூடிப் பார்ப்பது. காரைப் பக்கவாட்டில் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கியதும் கதவின் இடைவெளி மாறினாலோ, கதவு மூட மறுத்தாலோ, எலும்புக்கூட்டில் பலமில்லை என்று அர்த்தம்.

மோரிஸில் தனியாகப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. முன் இருக்கைக்கு அடியில் குறுக்காக ஓடும் இரும்புப் பெட்டி. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை இதில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. இது விட்டால் காரின் முன்பக்கம் உட்கார்ந்துவிடும். பிறகு பின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் இடம். அப்புறம் ஜாக்கி வைக்கும் இடம். ஜாக்கி வைத்தால் கார் தூக்குகிறதா, ஜாக்கி மட்டும் மேலே போகிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

வெல்டிங் வேலைக்குக் கொடுக்கும்போது இரண்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்று, பழைய துருவின் மேல் புதுத் தகரத்தை ஒட்டக்கூடாது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். மற்றொன்று, இரண்டு பக்க சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது. கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்டிங் செய்து தாங்கு கொடுத்து, ஒரு பக்கம் முடித்து, கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்து, பிறகுதான் மறுபக்கம் தொட வேண்டும். தாங்கு இல்லாமல் வெட்டிய கார் வாழைப்பழம் போல வளைந்துவிடும். பிறகு எந்தக் கதவும் எந்த வாசலுக்கும் பொருந்தாது. மோரிஸின் பெட்ரோல் தொட்டி பின்பக்கச் சாமான் பெட்டியின் தரையில் இருக்கிறது. பின்பக்கம் வெல்டிங் என்றால் தொட்டியைக் கழற்றி வெளியே வைக்காமல் யாரையும் நெருப்பு பற்றவைக்க விடாதீர்கள். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது புரிந்திருக்கும், வர்ணம் ஏன் முதலில் வரக்கூடாது என்று. வெல்டிங் சூட்டில் பக்கத்து வர்ணம் எல்லாம் கருகும். என் நாலாயிரம் வெள்ளிப் பச்சையில் பாதிக்குமேல் அப்படித்தான் போனது. எனக்கு வெல்டிங் செய்து கொடுத்த அண்ணன், சுங்கை சிப்புட் பக்கத்துக்காரர், காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, பொணத்துக்குப் பவுடர் போட்டு வச்சிருக்கீங்களே” என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

எலும்புக்கூடு சரியான பிறகு அடுத்த காசு எங்கே போக வேண்டும்? இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறோம். இயந்திரம் உறுமுகிற சத்தம் கேட்க ஆசை. அந்தச் சத்தம் கேட்டதும் சாலைக்கு எடுத்துப் போக ஆசை. இயந்திரம் ஓடாவிட்டால் கார் வீட்டில் நிற்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிரேக் இல்லாமல் இயந்திரம் ஓடினால்தான் ஆபத்து. அதனால் பிரேக், ஸ்டியரிங், சக்கரம், டயர் இவை இயந்திரத்துக்கு முன்னால் வர வேண்டும்.

இந்தக் காரின் பிரேக் ஒரே சுற்றில் ஓடும் எண்ணெய்ப் பிரேக். இக்காலக் கார்களில் இரண்டு தனிச் சுற்றுகள் உண்டு. ஒன்று கசிந்தாலும் மற்றொன்று பாதி வேலையாவது செய்யும். மோரிஸில் எந்த மூலையில் கசிந்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். கை பிரேக் மட்டும் தனிக் கம்பியில், பின்சக்கரங்களில் வேலை செய்யும். அன்று எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

என் காரில் என்ன நடந்தது? பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இருபது ஆண்டுகளாக மாற்றாத எண்ணெயில் சேர்ந்த ஈரம் சக்கர சிலிண்டர்களின் உள்சுவரை அரித்துவிட்டிருந்தது. ரப்பர் சீல்கள் காய்ந்து கெட்டியாகிவிட்டன. நான் புது எண்ணெய் ஊற்றினேன், பெடல் கெட்டியாக வந்தது, திருப்தியாகிவிட்டேன். அரிப்பெடுத்த சுவரில் சீல் உரசி உரசிக் கிழிய மூன்று வாரம் பிடித்தது, அவ்வளவுதான். நீண்ட நாள் நின்ற காரில் எண்ணெய் ஊற்றிப் பெடல் கெட்டியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், பின்சக்கரத்தில் ஒவ்வொன்று, அவற்றோடு மாஸ்டர் சிலிண்டர். எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள். அவை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போட்டால் துருத் தொல்லை இல்லை.

மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று முன்மூடியைத் திறந்து தேடாதீர்கள். ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, நீளவாக்கு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. எண்ணெய் ஊற்றக்கூடத் தரைவிரிப்பைத் தூக்கி ஒரு மூடியைத் திறக்க வேண்டும். அதைக் கழற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். மூன்று தலைமுறையாக இதனால்தான் பலர் அதை விட்டுவைத்தார்கள். நீங்கள் விடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் உள்ளேயிருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவது நம் பட்டறைகளில் பழக்கம். அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். நீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள். முகக்கவசம் வேண்டும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் விளைவு தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும்.

சக்கரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு மேலும் கீழும் டிரன்னியன் என்ற திருகு வைத்த உறுப்பு இருக்கிறது. கிரீஸ் இல்லாமல் அதன் மரை தேய்ந்தால், ஒரு நாள் மரை விட்டுச் சக்கரம் மடங்கிக் காருக்கு அடியில் போய்விடும். மோரிஸ்காரர்கள் மிகவும் பயப்படும் கோளாறு இதுதான். காரைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். மாற்றிய பிறகு கிரீஸ் துப்பாக்கியைச் சுவரில் மாட்டி வைக்காமல் அடிக்கடி பயன்படுத்துங்கள்.

டயர் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரில் ஓடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நான்கு இலக்கமே இல்லாவிட்டால் அது 2000க்கு முந்தியது. அதைக் கொட்டகையிலேயே விட்டுவிடுங்கள். மோரிஸுக்கு 14 அங்குலச் சக்கரம், அகலம் குறைந்த டயர். கடையில் இல்லை என்று சொல்லிப் பெரிய டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். திரும்பும்போது உரசும், ஸ்டியரிங் கல்லாகும். சரியான அளவு வரும்வரை காத்திருங்கள்.

இருக்கை வாரையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். நம் நாட்டில் முன் இருக்கைக்கு வார் கட்டாயமானது 1979இல். அதற்கு முந்திய கார்களில் பெரும்பாலும் வாரே இருக்காது. காரின் வயதைச் சொல்லி வாதாடலாம். ஆனால் அம்மாவின் நெற்றியை நினைத்துக்கொண்டு நான் மாட்டிவிட்டேன். வெறும் தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டக்கூடாது. பின்னால் தடித்த இரும்புத் தகடு வெல்டிங் செய்து, அதில் மாட்ட வேண்டும்.

நெருப்பு

அறுபது ஆண்டு பழைய வயரிங்கில் ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிரும். மோரிஸில் மொத்தம் இரண்டே ஃபியூஸ். முன்விளக்கு போன்ற பல இணைப்புகள் ஃபியூஸ் வழியாகவே போகாது. உரசிய வயர் ஒன்று போதும், வயர்க் கட்டு முழுக்கப் பற்றிக்கொள்ள. காசு இருந்தால் வயர்க் கட்டு முழுவதையும் புதிதாகப் போடுங்கள். இங்கிலாந்திலிருந்து தயாராகவே வருகிறது. அதோடு கூடுதல் ஃபியூஸ் பெட்டி ஒன்று. இந்தக் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும், இக்காலக் கார்களுக்கு நேர் எதிர். பட்டறைப் பையன் பழக்கத்தில் மாற்றிப் போட்டுவிடுவான். பேட்டரிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

பெட்ரோல் குழாயின் ரப்பர்ப் பகுதிகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். தொட்டியைக் கழற்றி உள்ளே துரு இருக்கிறதா பாருங்கள். தீயணைப்புக் குப்பி ஒன்று ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். இதெல்லாம் சேர்ந்தாலும் ஒரு வர்ண வேலையின் செலவு ஆகாது.

அந்த ஆரஞ்சுக் கை சிக்னலை எடுத்துவிடாதீர்கள், அது காரின் அழகு. 1961 வரை வந்த மோரிஸ்களில்தான் அது உண்டு. ஆனால் பின்னால் வரும் மைவிக்காரருக்கு அது என்னவென்றே தெரியாது. மின்னும் சிக்னல் விளக்குகளையும் சேர்த்துப் போடுங்கள்.

இனி இயந்திரம்

உண்மையைச் சொன்னால் இந்தக் காரில் மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டியது இயந்திரம்தான். 1952 முதல் மோரிஸ் மைனரில் வந்த ஏ வரிசை இயந்திரம் மினி காரிலும் இருந்தது. மினியோடு 2000ஆம் ஆண்டு வரை ஓடியது. உதிரிப் பொருள் இன்றும் கிடைக்கிறது. நாம் ‘போமன்’ என்று அழைக்கும் பழைய தலைமுறை மெக்கானிக்குகளில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

நீண்ட நாள் நின்ற இயந்திரத்தை உடனே ஸ்டார்ட்டர் போட்டுச் சுழற்றாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் எண்ணெய், வடிகட்டி, பழைய பெட்ரோல் எல்லாம் மாற்றிய பிறகு ஓட வையுங்கள். ரேடியேட்டரை நன்றாகக் கழுவுங்கள். கோலாலம்பூர் நெரிசலில் இந்தக் காரின் எதிரி சூடுதான்.

ஈயம் கலக்காத பெட்ரோல் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பழைய இயந்திரங்களில் வால்வு உட்காரும் இடத்தை அந்தக் காலப் பெட்ரோலின் ஈயம் பாதுகாத்தது. இப்போது அது இல்லை. மெதுவாக, குறைந்த தூரம் ஓட்டுபவர்களுக்கு உடனடி ஆபத்தில்லை. வால்வு இடைவெளியை அவ்வப்போது சரிபார்த்தால் போதும். என்றைக்காவது இயந்திரத் தலையைப் பிரிக்க நேர்ந்தால் அப்போது கடினப்படுத்திய வளையங்களைப் பொருத்திவிடுங்கள். இதற்காகவே தலையைப் பிரிக்க வேண்டியதில்லை.

இளைஞர்கள் சிலர் ஜப்பானிய இயந்திரம் வைக்க ஆசைப்படுகிறார்கள். நான் பழமைவாதி இல்லை, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜேபிஜே அனுமதி, பரிசோதனை, கிராண்ட்டில் மாற்றம், காப்புறுதி நிறுவனத்துக்குத் தகவல் என்று எல்லாம் முறையாக நடக்க வேண்டும். இரு மடங்கு சக்தி வந்தால் பிரேக்கும் அதற்கு ஈடாக வர வேண்டும். 1098 சிசி கார்களில் தயாரிப்பாளரே முன்பக்கம் 7 அங்குல டிரம்முக்குப் பதில் 8 அங்குல டிரம் வைத்தார் என்பதைப் பாருங்கள். இயந்திரம் கொஞ்சம் பெரிதானதற்கே பிரேக் பெரிதானது.

கடைசியில் வர்ணம்

குரோமியம், இருக்கைத் துணி, வர்ணம், வானொலி எல்லாம் கடைசி. வர்ண நிறத்தை மாற்றினால் அதையும் ஜேபிஜேயில் பதிய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். காப்புறுதி எடுக்கும்போது, காரின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வகைத் திட்டம் உண்டா என்று கேளுங்கள். சந்தை மதிப்பு என்று போட்டால் அறுபது வயதுக் காருக்கு என்ன மதிப்பு வரும்?

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். இந்த வரிசையில் செய்தால் மாதக்கணக்கில் காசு போகும், ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மனைவி கேட்பார், மச்சான் கிண்டல் செய்வார். சில்லுக்கும் சிலிண்டருக்கும் செலவழித்ததை யாருக்கும் படம் எடுத்துக் காட்ட முடியாது. பாதியில் மனம் விட்டு விற்றுவிடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் விற்கிறார்கள். நான் ஒரு தந்திரம் செய்தேன். காரின் ஸ்டியரிங் வளையத்தை மட்டும் முதலிலேயே சுத்தம் செய்து மெருகேற்றி வைத்தேன். மனம் சோர்ந்த நாளில் கொட்டகைக்குள் போய் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

இரண்டாம் முறை எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் அப்பாவுக்கு 84 முடிந்து, முழங்கால் பிடித்துக்கொண்டு, தடி வந்துவிட்டது. வர்ணத்துக்குக் காத்திருந்தால் இன்னும் ஆறு மாதம் ஆகும். காத்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாதிப் பச்சையும் பாதிச் சாம்பல் நிறப் பிரைமருமாக, புலிக்கும் எருமைக்கும் பிறந்தது மாதிரி நின்ற காரில் அவரை ஏற்றினேன். வார் மாட்டிவிட்டபோது, “இது அப்ப இல்லியே” என்றார். தெரு முனையில் முதல் வேலையாக என்னை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். “ம், நிக்குது” என்றார், பிறகு போகச் சொன்னார்.

தோட்டத்தில் ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. மருத்துவமனை இருந்த இடத்தில் ஒரு சிமெண்டுப் படி மட்டும் மிச்சம். அப்பா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. இடது கதவின் கண்ணாடி ரப்பர் இன்னும் இங்கிலாந்திலிருந்து வந்து சேரவில்லை. அதனால் வீடு வரும்வரை அவர் மடியில் துண்டை விரித்துப்போட்டு, வழிகிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வந்தார்.